ஸ்பீக்கருக்குள் செருகிய எக்ஸ்ரே

“பீரோ மேல ஒரு கவர் வச்சிருந்தேன். பாத்தீகளா?”

என் மனைவி அமலி நாற்காலியில் ஏறி நின்று பீரோவின் மேல்பக்கத்தைக் கையால் துழாவிக்கொண்டிருந்தாள். வெளியே கிளம்புகிற சேலை. தலை இன்னும் காயவில்லை. நான் முன்னறையில் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முன்னறைதான் மைக் செட் கடை, பின்னறைகள் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை தொங்கும்.

“என்ன கவரு?”

“எக்ஸ்ரே கவரு.”

“யாரோட எக்ஸ்ரே?”

அவள் நாற்காலியை விட்டு மெதுவாக இறங்கினாள். “என்னோடதுதான்” என்றாள்.

என் கைக்கு எட்டும் தூரத்தில், மேஜை மேல், பழைய பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று மல்லாந்து கிடந்தது. அதன் நடுக்குழியைச் சுற்றி நீல நிறத்தில் ஃபிலிம் துண்டுகள் செருகியிருந்தன. முதல் நாள் சாயங்காலம் ஒரு எக்ஸ்ரேயைக் கத்தரித்து நான்தான் செருகினேன். பீரோ மேலிருந்து எடுத்த எக்ஸ்ரே அது.

“தெரியலையே. நல்லாத் தேடிப் பாரு” என்றேன்.

கட்டிய மனைவி ‘என்னோட எக்ஸ்ரே’ என்கிறாள். உனக்கு என்ன உடம்புக்கு என்று கேட்பதுதானே மனுசன் செய்கிற காரியம்? எனக்கு முதலில் வந்தது ஸ்பீக்கரை ஒட்டின பசையின் நினைப்பு. அது இறுக இன்னும் அரை நாள் ஆகும். இப்போது துண்டுகளை உருவினால் செய்த வேலை அத்தனையும் பாழ்.

அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினாள். குனிந்த இடத்தில் இருமினாள். நான் கையில் கிடைத்த ஒரு வயரைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன்.

போன வாரத் தொடரில் வந்த, கொடைரோடு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெயரை மாற்றிச் சொல்லி நான் பந்தலை விட்டு ஓடிய கதையைப் படித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்கக் கொஞ்சம்தான் இருக்கிறது. இது பழைய சங்கதியும் இல்லை. இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் நடந்தது. இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

இடுப்பில் கேட்கிற இடி

அந்த ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஒரு தகர டப்பாவுக்காகவா இவன் இப்படிச் செய்தான் என்று நினைப்பீர்கள். டப்பா இல்லை, நல்ல சாமான். அதற்காக நான் செய்தது சரியாகிவிடாது.

வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. அதைப் பிரித்தபோது திரைக்குப் பின்னால் இருந்த வெளிநாட்டு ஸ்பீக்கர் ஒன்றை நான் வாங்கி வந்தேன். பச்சைப் பெயிண்ட், காகிதக் கோன், பின்னால் அம்மிக்கல் கனத்துக்கு ஒரு காந்தம். ஒரு ஆள் தனியாகத் தூக்கினால் மறுநாள் முதுகு பிடித்துக்கொள்ளும்.

இன்றைக்கு என்னிடம் புதுப் பெட்டிகள் நிறைய இருக்கின்றன. காதணி விழா, பூப்பு நன்னீராட்டு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவைதான் போகும். இந்தப் பழைய ஸ்பீக்கர் வருடத்துக்கு ஒரே ஒரு விசேஷத்துக்குத்தான் வெளியே போகும். அகரம் பக்கத்து ஊர் ஒன்றில் நடக்கிற பாஸ்கு நாடகம் அது.

ஆண்டவருடைய பாடுகளை ஊர்க்காரர்களே வேஷம் கட்டி நடிப்பார்கள். பகலில் பூப்பறிக்கிறவர், தேங்காய் உரிக்கிறவர், மில்லுக்குப் போகிறவர் எல்லாரும் சாயங்காலம் ஒத்திகைக்கு வந்துவிடுவார்கள். கடைசிக் கட்டத்தில் கல்லறை வெடித்து ஆண்டவர் உயிர்த்து வருவார். அப்போது ஒரு இடி இடிக்க வேண்டும். ஊரே அந்த இடிக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கும்.

ஒரு வருடம் புதுப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். நாடகத்தைப் பொறுப்பெடுத்து நடத்துகிற சூசை மறுநாளே வந்துவிட்டான்.

“அண்ணே, அது காதுல கேக்குது, இடுப்புல கேக்கல. மணல்ல உக்காந்திருக்கிற சனம் ஒண்ணுகூட அசையல. நமக்குப் பழைய பச்சைதான் வேணும்.”

சூசைக்கு வாழைக்காய் வியாபாரம். என்னைவிட வயதில் ரொம்ப இளையவன். நாடகத்தில் காவல்காரனாக வந்து, இடி இடித்ததும் அவன்தான் முதலில் மயங்கி விழ வேண்டும். இடுப்பில் இடி கேட்காமல் எப்படி விழுவது என்பது அவன் கட்சி. அதைக் கேட்டதில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப் போயிற்று என்பதை மறைக்கவில்லை. என் பச்சை ஸ்பீக்கர் இல்லாவிட்டால் கல்லறையே திறக்காது என்று கடைக்கு வருகிறவர்களிடம் அளக்க ஆரம்பித்தேன்.

இந்த வருடம் புனித வாரம் தொடங்குகிற குருத்து ஞாயிறு அன்று அதைப் போட்டுப் பார்த்தேன். இடி வந்தது, கூடவே ‘கர்ர்’ என்று ஒரு உரசலும் வந்தது.

கோனுக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக ஒரு துணி வளையம் இருக்கும். ஸ்பைடர் என்போம். கோனின் அடியில் சுற்றியிருக்கிற கம்பிச் சுருளான காயில், காந்தத்தின் நடுவில் இடிக்காமல் ஏறி இறங்கும்படி பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். அதன் பழைய பசை விட்டுப்போய் ஸ்பைடர் லூசாகிக் கிடந்தது. காயில் ஒரு பக்கம் சாய்ந்து காந்தத்தில் உரசிக்கொண்டிருந்தது.

சரிசெய்கிற வழி எனக்குத் தெரியும். கோனின் நடுவில் இருக்கிற மூடியை அறுத்து எடுக்க வேண்டும். காயிலுக்கும் நடுக் காந்தத்துக்கும் இடையில் ஒரே கனத்தில் ஃபிலிம் துண்டுகளைச் சுற்றிலும் செருக வேண்டும். அப்போது காயில் தானாக நடுவில் வந்து நிற்கும். அப்படி நிற்கும்போதே ஸ்பைடரை ஒட்டி, பாரம் வைத்து, ஒரு முழு நாள் தொடாமல் விட வேண்டும். காய்ந்த பிறகு துண்டுகளை உருவிவிட்டு மூடியை ஒட்டினால் ஆயிற்று. பாதியில் உருவினால் காயில் சாய்ந்தபடியே ஒட்டிக்கொள்ளும்.

ஊரார் எலும்பு

செருகுவதற்கு எக்ஸ்ரே ஃபிலிமைப்போல வேறு எதுவும் வராது. காகிதம் பசையில் ஊறிக் கிழியும். பிளாஸ்டிக் கவர் இழுபடும். எக்ஸ்ரே ஃபிலிம் விறைப்பாக நிற்கும், கனம் ஒரே சீராக இருக்கும். மைக் செட் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். அதனால் எங்கள் கடைகளில் யாராவது ஒருவருடைய எலும்பு எப்போதும் கிடக்கும்.

தெருக்காரர்களே கொண்டுவந்து கொடுப்பார்கள். “கால் கூடிருச்சு, இனி இது எதுக்கு, உங்களுக்கு ஆகும்ல” என்று ஒருவர். “மாமியா போய்ச் சேந்துட்டாக, வீட்ல வச்சிருந்தா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்று இன்னொருவர். வத்தலக்குண்டு ரோட்டில் பைக்கோடு விழுந்த ஒருவருடைய தோள்பட்டை மூன்று திருவிழாவுக்கு உதவியது. கல்யாணப் பந்தலில் அந்த மனிதரே வந்து உட்கார்ந்து, தன் தோள்பட்டையால் நிமிர்ந்த ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டுவிட்டுப் போனார். அவரிடம் நான் அதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

படத்தைத் தூக்கிப் பார்த்தே இது கை, இது இடுப்பு, இது முழங்கால் என்று சொல்லிவிடுவேன். அதிலும் எனக்கு ஒரு பெருமை உண்டு. டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியவன் என்று நானே சொல்லிக்கொள்வேன்.

இந்தத் தடவை கடையில் இருந்த ஃபிலிம் எல்லாம் சுருண்டு நொறுங்கிப் போயிருந்தன. என் அம்மா கடைசிக் காலத்தில் இடுப்பு முறிந்து கிடந்தபோது எடுத்த படங்கள் பீரோ மேல் இருப்பது நினைவுக்கு வந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு கவர் இருந்தது. எடுத்துவந்து வெட்டினேன்.

அம்மாவுக்கு எடுத்தது இடுப்பு. நான் வெட்டிக்கொண்டிருந்தது நெஞ்சுக்கூடு. விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. கவர் புதுசு, படம் புதுசு, மூலையில் பொடி எழுத்தில் பெயரும் இருந்தது. டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் ஃபிலிமின் விறைப்பு மட்டும்தான்.

சூசை எடுத்த துண்டு

மறுபடி அந்தக் காலைக்கு வருகிறேன்.

அமலி அலமாரியைத் திறந்தாள், மெத்தையைத் தூக்கினாள், அரிசி வைத்திருக்கிற அறையில்கூடப் போய்ப் பார்த்தாள். நடுவில் என்னிடம் வந்து நின்றாள்.

“நெஞ்சு டாக்டர் மதுரைல இருந்து செவ்வாக்கெழம மட்டுந்தான் வாராரு. பழைய படத்தையும் கொண்டாரணும், புதுசா எடுத்து ரெண்டையும் வச்சுப் பாக்கணும்னு சொல்லியிருக்காரு. அதான் தேடுறேன்.”

“இங்கிட்டுத்தான் எங்கயாச்சும் இருக்கும்” என்றேன். நெஞ்சு டாக்டர் என்று அவள் சொன்ன பிறகும் நான் சொன்னது இவ்வளவுதான். மதியத்துக்கு மேல் பசை இறுகிவிடும், துண்டுகளை உருவித் துடைத்து, எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டின படத்தை எப்படிச் சமாளிப்பது என்று அந்தக் கணக்கில் இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் சூசையின் வண்டி வந்து நின்றது. மதியம் வரவேண்டியவன் காலையிலேயே வந்துவிட்டான்.

“அண்ணே, பச்சை எந்திரிச்சிருச்சா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான். ஸ்பீக்கரைக் குனிந்து பார்த்தான். என் வேலை அவனுக்கும் பழக்கம்தான். “இன்னைக்கு யாரு நெஞ்சை வச்சிருக்கீக?” என்று சிரித்தபடி, மேஜைக்குக் கீழே கிடந்த மிச்ச ஃபிலிமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

சிரிப்பு நின்றுவிட்டது.

“அண்ணே, இதுல மதினி பேருல்ல போட்ருக்கு?”

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அமலி அங்கேதான் நின்றாள். சூசையின் கையில் இருந்ததைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

“தெரியலன்னீகளே” என்றாள்.

திட்டியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அவள் சத்தம்கூட உயர்த்தவில்லை. ஏதோ கணக்கு சரியாக வரவில்லை என்பதுபோலக் கேட்டாள். எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

“மதினிக்கு என்னண்ணே?” என்று சூசை கேட்டான்.

எனக்குத் தெரியாது. மூன்றாம் மனுசன் ஒருவன் என் மனைவிக்கு என்ன என்று என்னிடம் கேட்கிறான். நான் அவளிடம் அதை இன்னும் கேட்கவே இல்லை.

அமலிதான் பேச்சை மாற்றினாள். “ஒண்ணுமில்ல தம்பி, சளி. சரி, செருகினது செருகியாச்சு. காயட்டும். இப்ப உருவுனா இம்புட்டு வேலையும் கெட்டுப்போயிரும்ல? நான் அடுத்த செவ்வாக்கெழம போய்க்கிறேன். உங்க நாடகம் நல்லபடியா நடக்கட்டும்.”

அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நேற்று வரை நினைத்திருந்தேன். நிம்மதியாக இருந்தது. அதோடும் விடவில்லை. “டாக்டர் அடுத்த வாரமும் வருவாருல்ல?” என்று வாயைத் திறந்து கேட்டேன்.

சூசைக்கு வந்ததே கோபம்.

“என்னண்ணே பேசுறீக? நெஞ்சுல என்னமோன்னு மதினி ஆஸ்பத்திரிக்குக் கெளம்பி நிக்கிது. நீங்க அது நெஞ்சை வெட்டி ஸ்பீக்கருக்கு முட்டுக் குடுத்துட்டு, அடுத்த வாரம் போலாமாங்கிறீக. எனக்கு இந்தப் பச்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாங்க தகரத்தைத் தட்டிக்கிறோம்.”

“ஏலே சூசை, கோவப்படாத அப்பு…”

“வண்டில ஏறுங்க மதினி, நான் கொண்டுபோய் விடுறேன்.”

அதுதான் என்னை உலுக்கியது. என் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வாழைக்காய் வண்டிக்காரன் ஒருவன் தயாராக நிற்கிறான், நான் ஸ்பீக்கருக்குக் காவல் நிற்கிறேன். “நானே கூட்டிட்டுப் போறேன்” என்றேன். சூசை என்னை நம்பவில்லை. நான் இடுக்கியை எடுத்து, துண்டுகளை ஒவ்வொன்றாக உருவி முடிக்கும் வரை அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் போனான். என் கண் முன்னால் காயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

அந்த ஊரில் இந்த வருடம் கல்லறை வெடித்தபோது தகரம்தான் அதிர்ந்ததாம். சனம் நன்றாகவே திடுக்கிட்டதாம். சூசை விழுந்த வேகத்தில் ஈட்டி ஒடிந்துபோனதாகவும் கேள்விப்பட்டேன். நான் இல்லாவிட்டால் கல்லறை திறக்காது என்று அளந்ததையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

தவசு

வண்டியில் போகும்போது அவள் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தாள். ரயில்வே கேட் அடைத்திருந்தது. வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல், “உனக்கு என்ன அமலி?” என்று கேட்டேன்.

“டிபியாம்” என்றாள். “பயப்படாதீக. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டு மாசமாச்சு.”

ரயில் போயிற்று. கேட் திறந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். எனக்கு வண்டியைக் கிளப்பவே செத்த நேரம் ஆயிற்று.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்குக் கொஞ்சம் முன்பிருந்தே அமலி ஆளே மாறியிருந்தாள். கட்டிலை விட்டுவிட்டு, சமையல்கட்டுப் பக்கம் ஜன்னலைத் திறந்துபோட்டுப் பாயில் படுத்தாள். தனித் தட்டு, தனி டம்ளர். எனக்குப் போட்டுவிட்டு, நான் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். என்னோடு பேசும்போதுகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். திருப்பூரிலிருந்து மகள், பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று போன் செய்தபோது, “பரீட்சை முடியட்டும், அப்புறம் வாங்க” என்று தடுத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. தவக்காலம் பிறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள், அமலி இந்த வருடம் தவசு கொஞ்சம் கடுமையாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீடுகளில் ஒருவர் கறியை விடுவார், ஒருவர் காப்பியை விடுவார், ஒருவர் தரையில் படுப்பார். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் தவசின் பலன் போய்விடும் என்பது எங்கள் நினைப்பு. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

அதோடு போகவில்லை. சிலுவைப்பாதை செபம் முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, “எங்க வீட்ல மாதிரி தவசு யாரு இருக்கா?” என்று நாலு பேரிடம் பெருமை அடித்தேன். அவள் தள்ளி நின்று வாயைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். அவர்கள் அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே” என்றேன்.

“மொதல்ல ஒரு தடவை கேட்டேன்ல, ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு வாரீகளான்னு. மாசித் திருவிழா முடியட்டும்னீக. அப்புறம் தவசு வந்திருச்சு. ஈஸ்டர் கழிச்சுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

அவள் கேட்டது எனக்கு ஞாபகம் இருந்தது. சாதா இருமலுக்கெல்லாம் எதற்கு ஆஸ்பத்திரி என்று நான் சொன்னதும் ஞாபகம் இருந்தது. அதை அவள் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

வெளிச்சப் பலகை

எக்ஸ்ரே எடுக்கிற அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நான் கவரைத் திறந்தேன். கிளம்பும்போதே துண்டுகளைத் துடைத்து, மிச்ச ஃபிலிமோடு சேர்த்து, செலோ டேப் போட்டு ஒட்டி எடுத்து வந்திருந்தேன்.

“அதை எதுக்குத் தூக்கிட்டு வாரீக, விடுங்க” என்று அமலி சொல்லிப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் போல இருந்தது.

படம் எடுக்கிற தம்பி அவளைப் பார்த்ததும் சிரித்தான். “வாங்கம்மா. இன்னைக்குக் கூட ஆள் வந்திருக்கு போல.”

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான் குனிந்துகொண்டு கவரை நீட்டினேன். வாங்கி வெளிச்சப் பலகையில் மாட்டினான். விலா எலும்புகள் ஒன்றோடொன்று சேராமல் கோணல்மாணலாக நின்றன. சில இடங்களில் பசை, சில இடங்களில் காந்தத்தின் கறுப்புத் தூள், நடுவில் ஒரு கை அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. பக்கத்தில் நின்ற நர்சம்மா எட்டிப் பார்த்தார்.

“என்ன சார் இது? பிள்ளைக வெட்டி விளையாண்டுருச்சா?”

“நான்தான் வெட்டுனேன்” என்றேன்.

ஏன் என்று கேட்டார்கள். ஸ்பீக்கருக்கு என்றேன். அந்தத் தம்பிக்குப் புரியவில்லை. நர்சம்மா புரிந்துகொண்டதுபோல அமலியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“பழைய படம் கம்ப்யூட்டர்லயே இருக்கு சார். இல்லேன்னு ஒரு போன் போட்டிருந்தாக்கூட எடுத்து வச்சிருப்போம்” என்றான் தம்பி. உட்கார்ந்து எதையோ தட்டினான். சற்று நேரத்தில் அந்தப் பழைய படத்தின் இன்னொரு பிரதி சுடச்சுட வந்து விழுந்தது.

அந்த நிமிடத்தில் என் மனசு சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ‘அடப்பாவி, அப்போ துண்டுகளை உருவாமலே விட்டிருக்கலாமே’ என்றுதான் அது முதலில் சொன்னது. இதைவிடக் கேவலமாக ஒரு மனுசன் நினைக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அமலி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, மனசுக்குள் நினைப்பது வெளியே கேட்பதில்லை.

அமலிக்குப் புதுப் படமும் எடுத்த பிறகு, டாக்டர் தன் அறையில் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பழையதில் ஒரு பக்கம் பஞ்சு அப்பினாற்போல வெள்ளையாக இருந்தது. புதியதில் அது பாதிக்கு மேல் காணவில்லை.

“நல்லாக் கொறைஞ்சிருக்கும்மா. சளியிலயும் இப்ப கிருமி இல்ல. ஆனா மாத்திரையை ஒரு நாள்கூட விட்ராதீங்க, முழுசா முடிக்கணும். இனிமே யாருக்கும் ஒட்டாது. தட்டு, டம்ளர்லாம் தனியா வைக்கத் தேவையே இல்ல, அதுல பரவுற நோய் இல்ல இது.”

அமலி முகத்தில் இருந்து முந்தானையை எடுத்தாள். அவள் வாயை முழுதாகப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. இளைத்துப் போயிருந்தாள். வெளிச்சத்தில் அப்போதுதான் எனக்கு அது தெரிந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்க?”

“வீட்டுக்காரர்” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “வீட்ல வேற யாரும் இல்ல, தனியாத்தான் இருக்கேன்னு சொன்னீங்களேம்மா?”

அமலி தலையைக் குனிந்துகொண்டாள். “கூட இருக்கிறவுகளையும் கூட்டிட்டு வரணும், படம் எடுக்கணும்னு சொன்னீங்க டாக்டர். இவுகளுக்குத் திருவிழா நேரம். இவுக வர முடியாது. அதான்…”

அங்கேயும் எனக்குப் பரிந்துதான் பேசினாள். ‘வர மாட்டாங்க’ என்று சொல்லியிருக்கலாம். ‘வர முடியாது’ என்றாள். ரெண்டு மாசமாக இந்த ஆஸ்பத்திரியில் என் மனைவி ஆளில்லாதவளாக வந்து போயிருக்கிறாள். நான் செத்துப்போய்விட்டதாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இப்படி இருந்திருக்காது.

டாக்டர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. “ஒரே வீட்ல இருந்திருக்கீங்க. நீங்களும் இன்னைக்கே ஒரு படம் எடுத்துருங்க. சளியும் குடுத்துட்டுப் போங்க” என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தம்பி என்னை இருட்டறைக்குள் கூப்பிட்டான். சட்டையைக் கழற்றச் சொன்னான். குளிர்ந்த பலகையில் நெஞ்சை ஒட்டி வைத்து, தோளை முன்னால் தள்ளி நிற்க வைத்தான். கழற்றிய சட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

“கூட யாராச்சும் வந்திருக்காங்களா சார்?” என்று கேட்டான். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் இருந்து அமலியின் குரல் கேட்டது.

“நான் வந்திருக்கேன் தம்பி.”

உள்ளே வந்து சட்டையை வாங்கிக்கொண்டு போனாள். தம்பி கதவைச் சாத்தினான். “மூச்சை நல்லா இழுத்துப் புடிங்க சார், விட்றாதீங்க” என்றான் அவன்.

இழுத்தேன். பிடிக்க முடியவில்லை. படம் கலங்கிவிட்டது என்று என்னை இரண்டாம் தடவை நிற்க வைத்தான்.